குதிரைக்கு ஒரு பவுண்டு

இன்னிக்கு கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கிட்டு உக்காந்து படிங்க.

2008-ல மாருதி ஸ்விஃப்ட் டிசையர் முதல்முறையா வந்தப்போ அதோட நீளம் 4160 மில்லிமீட்டர். 2012-ல அதே பேர்ல புது மாடல் வந்துச்சு, நீளம் 3995. பொதுவா புது மாடல்னா பழசை விட கொஞ்சம் பெருசாத்தான் வரும். இது 165 மில்லிமீட்டர் சுருங்கி வந்துச்சு. வெட்டு விழுந்தது டிக்கியில. பின்கண்ணாடி முடியற இடத்துல ஒரு பெட்டியை அவசரமா ஒட்ட வெச்ச மாதிரி இருக்கும், பாத்திருப்பீங்க. டிசைன் பண்ணவங்களுக்கு ரசனை இல்லைன்னு நினைச்சீங்கன்னா, பாவம் அவங்க. அந்த டிக்கியை வெட்டினது நம்ம நிதியமைச்சகம் :)

எப்படின்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு நூறு வருஷம் பின்னாடி போகணும். கார் விலைன்னு பேச்சு வந்தாலே நாம கேக்கற முதல் கேள்வி "வரி எத்தனை சதவீதம்?" என்பதுதான். நியாயமான கேள்விதான். ஆனா பல நாட்டுக் கதைகளைப் படிச்சுப் பாத்ததுல, அதைவிட முக்கியமான கேள்வி வேற ஒண்ணுன்னு தோணுது. எதை அளந்து வரி போடறாங்க? கம்பெனிகள் அந்த அளவுக்கு ஏத்த மாதிரிதான் கார் பண்றாங்க. நாமளும் அதுக்கேத்த மாதிரிதான் வாங்கறோம், ஓட்டறோம். வரி போட்ட காரணம் மறைஞ்சே போனாலும் அந்த அளவுகோல் மட்டும் நின்னுடுது.

மூணு உண்டியல்

கார் வெச்சிருக்கறவங்க கிட்ட அரசாங்கம் காசு வாங்க மூணு உண்டியல் வெச்சிருக்கு. முதல் உண்டியல், வாங்கும்போது. சுங்க வரி, கலால் வரி, ஜிஎஸ்டி, பதிவுக் கட்டணம் எல்லாம் இதுல வரும். ரெண்டாவது, வெச்சிருக்கும்போது. வருஷா வருஷம் கட்டற சாலை வரி. வண்டி ஷெட்டுல தூங்கினாலும் கட்டித்தான் ஆகணும். மூணாவது, ஓட்டும்போது. பெட்ரோல், டீசல் மேல இருக்கற வரியும், டோல்கேட்டும்.

எந்த நாடு எந்த உண்டியலை நம்பியிருக்குங்கறதை வெச்சே அந்த ஊர் ரோட்டுல என்ன வண்டி ஓடும்னு ஓரளவு சொல்லிடலாம். அமெரிக்காவுல முதல் உண்டியல் சின்னது, மூணாவதும் சின்னது. பெட்ரோலுக்கு மத்திய அரசு போடற வரி கேலனுக்கு 18.4 சென்ட். 1993-ல வெச்சது, அதுக்கப்புறம் ஏத்தவே இல்லை. விலைவாசி ஏற ஏற, அந்த வரியோட நிஜ மதிப்பு குறைஞ்சுக்கிட்டே வந்துடுச்சு. ஊரெல்லாம் பெரிய பெரிய பிக்கப் வண்டியா ஓடறதுல ஆச்சரியம் என்ன இருக்கு?

டென்மார்க் நேர் எதிர். அங்க முதல் உண்டியல்தான் பிரதானம். காரோட விலையில ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல போற பகுதிக்கு 180 சதவீதம் பதிவு வரி வாங்கிட்டிருந்தாங்க. 2015-ல அதை 150-ஆ குறைச்சாங்க. இதுல ஒரு வேடிக்கை. ஐரோப்பிய கமிஷன் பல வருஷம் நாடுவாரியா கார் விலையை ஒப்பிட்டு அறிக்கை போட்டுட்டிருந்துச்சு. வரியைக் கழிச்சுட்டுப் பாத்தா, ஐரோப்பாவிலேயே கார் மலிவா கிடைக்கற நாடுகள்ல ஒண்ணு டென்மார்க்! காரணம் ரொம்ப சிம்பிள். கம்பெனி தன் விலையில ஆயிரம் ஏத்தினா, வாங்கறவனுக்கு அது ரெண்டு மூணு மடங்காப் போய்ச் சேரும். வாங்க ஆளே இருக்காது. அதனால கம்பெனியே தன் பங்கைக் குறைச்சுக்க வேண்டியதாப் போச்சு. ஆக, வரிங்கறது விலைக்கு மேல சும்மா போய் உக்காந்துக்கற தொப்பி இல்லை. அது விலைக்கு உள்ளேயும் போகுது.

இஞ்சினுக்கு உள்ளேயும் போகும். அதுக்கு பிரிட்டனைத்தான் பாக்கணும்.

பிஸ்டனை அளந்த பிரிட்டன்

1909-ல லாய்ட் ஜார்ஜ் பிரிட்டன் நிதியமைச்சரா இருந்தப்போ போட்ட பட்ஜெட்ல காருக்கு ரெண்டு வரி வந்துச்சு. ஒண்ணு, பெட்ரோலுக்கு கேலனுக்கு 3 பென்னி. இன்னொண்ணு, குதிரைத்திறனை வெச்சு வருஷ வரி. பெரிய வண்டி வெச்சிருக்கற பணக்காரர் ஜாஸ்தி கட்டட்டும், அந்தக் காசுல ரோடு போடலாம்னு யோசனை. இது வரைக்கும் யாருக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது.

ஆனா குதிரைத்திறனை எப்படி அளக்கறது? ஒவ்வொரு வண்டியையும் மேடையில ஏத்தி அளக்க முடியாது. அதனால ராயல் ஆட்டோமொபைல் கிளப் வெச்சிருந்த சூத்திரத்தை எடுத்துக்கிட்டாங்க. சிலிண்டரோட விட்டத்தை அங்குலத்துல எடுத்து வர்க்கப்படுத்து. சிலிண்டர் எண்ணிக்கையால பெருக்கு. 2.5-ஆல வகு. அவ்வளவுதான். குமாஸ்தா கூட போட்டுடலாம்.

கவனிச்சீங்களா, இதுல ஸ்ட்ரோக் இல்லை. அதாவது பிஸ்டன் மேலயும் கீழயும் எவ்வளவு தூரம் போய் வருதுங்கற கணக்கு சூத்திரத்துலயே கிடையாது. பிஸ்டன் வேகம் நிமிஷத்துக்கு 1000 அடின்னு அந்தக் கால இஞ்சின்களை வெச்சு ஒரு அனுமானம் பண்ணி, அதை அப்படியே உறைய வெச்சுட்டாங்க. இஞ்சின்கள் வருஷா வருஷம் முன்னேறிச்சு. சூத்திரம் நகரவே இல்லை.

முதல் உலகப் போர் முடிஞ்சதும் விஷயம் சீரியஸ் ஆச்சு. 1921 ஜனவரி 1-லேருந்து பெட்ரோல் வரியைத் தூக்கிட்டு, மொத்த பாரத்தையும் குதிரை மேல ஏத்தினாங்க. ஒரு குதிரைக்கு வருஷத்துக்கு ஒரு பவுண்டு. அரை குதிரை இருந்தாலும் முழு குதிரைக்கு கட்டணும். மூணாவது உண்டியலை மூடிட்டு எல்லாத்தையும் ரெண்டாவதுல போடச் சொன்ன மாதிரி.

அப்போ பிரிட்டன்ல ஃபோர்டு பெரிய கை. 1911-லேருந்து மான்செஸ்டர் பக்கத்துல டிராஃபோர்ட் பார்க்ல டி மாடல் காரைப் பண்ணிட்டிருந்தாங்க. போருக்கு முன்னாடி அந்த நாட்டிலேயே பெரிய கார் கம்பெனி அதுதான். டி மாடலோட சிலிண்டர் விட்டம் 3.75 அங்குலம், நாலு சிலிண்டர். நீங்களே போட்டுப் பாருங்க, 22.5 வரும். அதாவது வருஷத்துக்கு 23 பவுண்டு. அதே நேரத்துல வில்லியம் மாரிஸோட கௌலி கார் 11.9 குதிரை. 12 பவுண்டு கட்டினாப் போதும். டி மாடல் நிஜத்துல தந்த திறன் சுமார் 20 குதிரைதான். சக்தியில பெருசா வித்தியாசம் இல்லாட்டியும், சிலிண்டர் அகலமா இருந்த பாவத்துக்கு ரெண்டு மடங்கு வரி. 1924-ல மாரிஸ் ஃபோர்டைத் தாண்டிப் போயிட்டாரு. தரம், ஓட்டறதுக்கான வசதின்னு வேற காரணங்களும் உண்டு. ஆனா வருஷா வருஷம் 11 பவுண்டு வித்தியாசம்ங்கறது அந்தக் காலத்து சம்பளக்காரனுக்கு சின்ன விஷயம் இல்லை.

இதுல அடி வாங்கினது வெளிநாட்டுக் கம்பெனி மட்டும்னு நினைக்காதீங்க. ஹெர்பர்ட் ஆஸ்டின் போருக்கு அப்புறம் 20 குதிரை வண்டி ஒண்ணை மட்டும் நம்பி இறங்கியிருந்தாரு. 1921-ல அவர் கம்பெனி கடன்காரங்க கட்டுப்பாட்டுக்குப் போயிடுச்சு. சின்ன கார் பண்ணலாம்னு சொன்னா போர்டுல யாரும் ஒத்துக்கலை. மனுஷன் அசரலை. ஸ்டான்லி எட்ஜ்னு 18 வயசுப் பையன், கம்பெனியில வரைபடம் போடறவன், அவனைத் தன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயி, பில்லியர்ட்ஸ் மேஜை மேல காகிதத்தை விரிச்சு ஒரு குட்டி காரை வரைய வெச்சாரு. 1922-ல வந்துச்சு ஆஸ்டின் செவன்.

சீக்கிரமே அதோட இஞ்சின் 747 சிசி ஆச்சு. விட்டம் 56 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 76. ஒல்லியா, உயரமா ஒரு சிலிண்டர். சூத்திரப்படி 7.8 குதிரை, வரி 8 பவுண்டு. நிஜத்துல தந்தது பத்துக்கும் மேல! மோட்டார் சைக்கிள்ல பக்கத்துல தொட்டி மாட்டிக்கிட்டு குடும்பத்தோட மழையில நனைஞ்சுக்கிட்டுப் போனவங்களுக்கு முதல்முறையா கூரை போட்ட வண்டி கைக்கு எட்டிச்சு. 1939 வரைக்கும் கிட்டத்தட்ட 2 லட்சத்து 90 ஆயிரம் வண்டி வித்துச்சு. அந்த வரி நல்லதும் பண்ணிச்சுங்கறதை ஒத்துக்கணும்.

ஃபோர்டும் சும்மா இல்லை. 1932-ல ஒய் மாடல்னு, அமெரிக்காவுக்கு வெளிய விக்கறதுக்குன்னே முதல்முறையா ஒரு கார் டிசைன் பண்ணாங்க. 933 சிசி. வரிக்கணக்குல 8 குதிரை. நிஜத்துல 23. கிட்டத்தட்ட மூணு மடங்கு. இந்தக் கட்டத்துல "குதிரை"ங்கற வார்த்தைக்கு அர்த்தமே போயிடுச்சு. ஆனா கார்களோட பேரே அதுதான்: ஆஸ்டின் செவன், மாரிஸ் எய்ட், மாரிஸ் டென். அது சக்தியோட அளவு இல்லை, வரி ரசீதோட அளவு.

என்னை மாதிரி ஆணி புடுங்கறவங்களுக்கு இது சட்டுனு புரியும். "யார் அதிக பக் மூடறாங்களோ அவங்களுக்கு நல்ல அப்ரைசல்"னு ஒரு மேனேஜர் சொன்னா என்ன ஆகும்? ஒரு பக்கை மூணாப் பிரிச்சு மூணு தடவை மூடுவோம் :) சாஃப்ட்வேர் அப்படியேதான் இருக்கும், எண்ணிக்கை மட்டும் ஏறும். பிரிட்டிஷ் இஞ்சினியர்கள் பண்ணதும் அதேதான்.

இதுக்கு விலை என்னன்னா, ஒல்லி சிலிண்டர்ல சக்தி வேணும்னா ஸ்ட்ரோக்கை நீட்டணும். ஸ்ட்ரோக் நீண்டா அதே சுத்துக்கு பிஸ்டன் அதிக தூரம் ஓடணும். இங்கிலாந்தோட வளைஞ்சு வளைஞ்சு போற சின்ன ரோட்டுக்கு அது ஓகே. ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா மாதிரி நாள் முழுக்க ஒரே வேகத்துல ஓட்டற இடத்துல சீக்கிரம் தேஞ்சு போகும். ஏற்றுமதிக்கு ஒத்துவரலை. இன்னொரு பக்கம், பழைய பெரிய வண்டியை 20 பவுண்டுக்கு வாங்கினவன் வருஷா வருஷம் இன்னொரு 20 பவுண்டு வரி கட்டணும். மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை எடுக்கறவனுக்கும் தினமும் ஓட்டறவனுக்கும் ஒரே தொகை.

நடுவுல 1928-ல நிதியமைச்சர் சர்ச்சில், ஆமா அதே சர்ச்சில்தான், பெட்ரோல் வரியைத் திரும்பக் கொண்டுவந்தாரு. கேலனுக்கு 4 பென்னி. சரி, குதிரை வரியையாவது எடுத்தாரா? இல்லை. ரெண்டு உண்டியலும் திறந்தே இருந்துச்சு. ரோடு போடன்னு சேத்த நிதியிலயும் 1926-லேயே கை வெச்சாச்சு. குதிரை வரியை 1935-ல 15 ஷில்லிங்கா குறைச்சாங்க, 1940-ல போருக்காக 25 ஷில்லிங்கா ஏத்தினாங்க. கடைசியில ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஏற்றுமதி பண்ணியே ஆகணும்ங்கற நிலைமை வந்தப்போதான் 1947-ல புது வண்டிகளுக்கு சூத்திரத்தைத் தூக்கி எறிஞ்சு சிசி கணக்குக்கு மாறினாங்க. 1948-ல அதையும் விட்டுட்டு எல்லா புது காருக்கும் ஒரே தொகை, 10 பவுண்டு.

சூத்திரம் செத்துப் போச்சு, ஆனா அதோட எச்சம் நம்ம ஊர் வரைக்கும் வந்துச்சு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆரம்பத்துல வித்த கார் "இந்துஸ்தான் 10", அது மாரிஸ் டென். நம்ம வண்டலூர் ஃபேக்டரியில 1950-கள்ல பண்ணின ஸ்டாண்டர்ட் டென் காரை வீட்டுப் பெரியவங்க யாராவது ஞாபகம் வெச்சிருப்பாங்க. அந்த "டென்" எதுக்குன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. லண்டன்ல எப்பவோ ஒழிஞ்சுபோன வரியோட நம்பர் அது!

மாருதி 800-ஐ அளந்தது யாரு?

இப்போ ஜப்பான். போர்ல தோத்து, பெட்ரோலும் இல்லாம காசும் இல்லாம இருந்த நாடு. 1949-ல "கேய்"னு ஒரு வகை உருவாக்கினாங்க. இலகு வாகனம்னு அர்த்தம். இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம், இவ்வளவு சிசிக்குள்ள இருந்தா வரி குறைவு, சட்டதிட்டமும் குறைவு. ஆரம்பத்துல 150 சிசி. அது காருக்குப் பத்தலைன்னு சீக்கிரமே 360 ஆக்கினாங்க. 1958-ல வந்த சுபாரு 360 காரோட பேர்லயே அந்த எல்லை இருக்கு பாருங்க. 1976-ல 550 சிசி, 1990-ல 660 சிசி.

பிரிட்டனுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஜப்பான்காரங்க அளவுகோலை அவ்வப்போது எடுத்துப் பாத்து திருத்தினாங்க. அதனால அது உயிரோட இருக்கு. இன்னிக்கும் அங்க விக்கற புது வண்டியில மூணுல ஒண்ணு கேய் வகைதான். வருஷ வரி 10,800 யென். அதை விட ஒரு படி மேல, ஒரு லிட்டர் வரைக்கும் இருக்கற சாதாரண காருக்கு 25,000 யென். பார்க்கிங் இடம் இருக்குன்னு போலீஸ்ல சான்று வாங்கினாத்தான் கார் பதிவு பண்ண முடியும்ங்கற சட்டத்துலேருந்தும் கிராமப்புறத்துல கேய் வண்டிக்கு விலக்கு. பஸ் வராத ஊர்ல இருக்கற வயசானவங்களுக்கு கை கால் மாதிரி அது.

இங்கயும் சூத்திரத்துல சந்து கண்டுபிடிச்சவங்க உண்டு. 1979-ல சுசுகி ஆல்டோ வந்துச்சு. அப்போ ஜப்பான்ல பயணிகள் காருக்கு சரக்கு வரின்னு ஒண்ணு இருந்துச்சு, சரக்கு வண்டிக்கு விலக்கு. சுசுகி என்ன பண்ணாங்க, காரை "சரக்கு வண்டி"ன்னு பதிவு பண்ணி வித்தாங்க! முன் சீட்டு வசதியா இருக்கும், பின் சீட்டு சும்மா பேருக்கு. விலை 4 லட்சத்து 70 ஆயிரம் யென். சக்கைப்போடு போட்டுச்சு.

அந்த ஆல்டோவோட அதே உடம்புல 796 சிசி இஞ்சினைப் போட்டு 1983 டிசம்பர்ல நம்ம ஊருக்கு வந்துச்சு, மாருதி 800-ங்கற பேர்ல. சின்ன டிக்கி, பின்னாடி மூணு பேர் உக்காந்தா தோளோட தோள் இடிக்கற அகலம். குர்காவுன்ல பண்ணின காருக்கு டோக்கியோவுல எழுதின வரிச் சட்டம் அளவு எடுத்திருந்துச்சு. முப்பது வருஷம், 2014 வரைக்கும், இந்திய நடுத்தரக் குடும்பம் ஜப்பான் வரிக்கட்டத்துக்குள்ள நெருக்கிக்கிட்டு உக்காந்துதான் திருப்பதி போச்சு.

ஒரு லட்சம் வெள்ளி, ஒரு காகிதம்

சிங்கப்பூர் பதிவர்கள் இந்தப் பகுதியை என்னை விட நல்லா எழுதுவாங்க. ஆனாலும் சொல்லாம விட முடியாது. அந்த ஊர்ல பிரச்சினை பெட்ரோல் இல்லை, இடம். 1970-கள்லேருந்தே பதிவு வரியை ஏத்திக்கிட்டே போனாங்க. 1983-ல அது 175 சதவீதம். சம்பளமும் கூடவே ஏறினதால கார் குறையலை. விலையை ஏத்திப் பிரயோஜனம் இல்லை, எண்ணிக்கையையே கட்டுப்படுத்துவோம்னு 1990 மே மாசம் சிஓஇ முறையைக் கொண்டுவந்தாங்க. கார் வெச்சிருக்க உரிமைச் சான்றிதழ். ஏலத்துல எடுக்கணும், பத்து வருஷம்தான் செல்லும்.

ஒரு கணக்கு பாப்போம். இறக்குமதி மதிப்பு 20,000 வெள்ளி உள்ள சாதாரண கார். 20 சதவீத கலால் 4,000. ரெண்டுக்கும் சேத்து 9 சதவீத ஜிஎஸ்டி 2,160. கூடுதல் பதிவுக் கட்டணம் 100 சதவீதம், இன்னொரு 20,000. சின்ன கார் பிரிவுலயே சிஓஇ 2023 அக்டோபர்ல ஒரு லட்சத்தைத் தாண்டிச்சு, அதனால ஒரு லட்சம்னே வெச்சுக்குவோம். மொத்தம் 1,46,160 வெள்ளி, டீலர் லாபம் சேக்காமலே. காரை விட அதை வெச்சுக்க அனுமதிக்கற காகிதம் அஞ்சு மடங்கு விலை.

இப்போ வாங்கினவன் மனநிலையை யோசிங்க. ஒரு லட்சத்தைப் பத்து வருஷத்துக்குப் பிரிச்சா, நாளைக்கு 27 வெள்ளி, ஓட்டினாலும் ஓட்டாட்டியும். இவ்வளவு கொட்டியாச்சு, இனிமே எம்ஆர்டி-யில ஏறுவானா? பக்கத்துக் கடைக்குக் கூட காரை எடுப்பான். முதல் உண்டியல்ல மொத்தமா வாங்கினா, வாங்கறவன் எண்ணிக்கை குறையும், ஆனா வாங்கினவன் ஜாஸ்தி ஓட்டத்தான் பாப்பான். அரசாங்கத்துக்கும் இது தெரியும். 1975-லேயே நகர மையத்துக்குள்ள நுழைய 3 வெள்ளி கட்டணம் வெச்ச ஊர் அது. 1998-ல அதை மின்னணு முறைக்கு மாத்தி, நேரத்துக்கு ஏத்த மாதிரி ரோட்டுக் கட்டணம் வாங்க ஆரம்பிச்சாங்க. அந்தப் பக்கம் பதிவு வரியைக் குறைச்சுக்கிட்டே வந்து 2008-ல 100 சதவீதம் ஆக்கினாங்க. அப்புறம் விலை உயர்ந்த காருக்கு மட்டும் படிப்படியா ஏத்தினாங்க.

சிஓஇ-யிலயும் பழைய பிரிட்டன் கதை எட்டிப் பாத்துச்சு. சாதாரண ஆளும் போட்டி போடணும்னு 1600 சிசி வரைக்கும் தனிப் பிரிவு வெச்சிருந்தாங்க. டர்போ வந்ததும் ஐரோப்பிய சொகுசு கார்கள் 1600 சிசிக்குள்ள அடங்கி அந்தப் பிரிவுக்குள்ள நுழைஞ்சுடுச்சு. 2014 பிப்ரவரியில 97 கிலோவாட்டுக்கு மேல சக்தி இருக்கக் கூடாதுன்னு இன்னொரு கோடு போட்டாங்க. உடனே 97 கிலோவாட்டுக்குள்ள மட்டுப்படுத்தின இஞ்சினோட சொகுசு கார்கள் வந்துச்சு. கோடு போட்டா அதை ஒட்டி வந்து நிக்கத்தான் செய்வாங்க.

கோடு இல்லாம சரிவு போட்ட நாடு

எல்லா வரியும் இப்படித்தான்னு சொல்ல வரலை. நார்வேயைப் பாருங்க. அங்கயும் கார் வாங்கற வரி பயங்கரம். எடை, கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு மூணையும் வெச்சு கணக்கு. ஏற ஏற வரி ஏறும். ஒரே இடத்துல தடால்னு குதிக்காது. மின்சார காருக்கு 1990-லேயே வாங்கற வரியிலேருந்து தற்காலிக விலக்கு குடுத்தாங்க. 2001-ல மதிப்புக் கூட்டு வரியிலேருந்தும் விலக்கு. பெட்ரோல் கார் மேல ஏற்கனவே பாரம் ஜாஸ்தியா இருந்ததால, மின்சார கார் விலை சமமா வந்துடுச்சு. 2024-ல அங்க வித்த புது கார்கள்ல கிட்டத்தட்ட 89 சதவீதம் மின்சாரம். வேலை முடிய முடிய சலுகையையும் குறைக்கறாங்க. 2023-லேருந்து 5 லட்சம் க்ரோனருக்கு மேல இருக்கற பகுதிக்கு வரி உண்டுன்னு ஆக்கினாங்க. என்ன வேணுமோ அதையே அளந்தாங்க, அவ்வளவுதான். காசுள்ள நாடு, அவங்களால முடியும்னு சொல்லலாம். ஆனா எதை அளக்கறதுன்னு யோசிக்க காசு தேவையில்லையே.

மறுபடி அந்த டிக்கி

இப்போ நம்ம கதை. 2006 பட்ஜெட்ல ப. சிதம்பரம் சின்ன காருக்கு கலால் வரியை 24-லேருந்து 16 சதவீதமா குறைச்சாரு. சின்ன கார்னா என்ன? நீளம் 4000 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். பெட்ரோல்னா 1200 சிசி, டீசல்னா 1500 சிசிக்குள்ள இருக்கணும். இந்தியாவை சின்ன கார் தயாரிக்கற நாடா ஆக்கணும்ங்கறது நோக்கம். அது நடக்கவும் நடந்துச்சு.

கூடவே நடந்ததுதான் டிக்கி வெட்டு. 2008-ல டாடா இண்டிகோவை சுருக்கி இண்டிகோ சிஎஸ் பண்ணாங்க. 2012-ல டிசையர். 2013-ல மறைமலை நகர்ல ஃபோர்டு பண்ணின ஈகோஸ்போர்ட் 3999 மில்லிமீட்டர்! ஒரே ஒரு மில்லிமீட்டர் மிச்சம். அப்புறம் ஸ்ரீபெரும்புதூர்லேருந்து ஹூண்டாய் எக்ஸென்ட் 3995, வென்யூ 3995. இந்த அளவுல செடான் காரை உலகத்துல வேற யாரும் இப்படி விழுந்து விழுந்து பண்ணலை. ஏன்னா வேற எங்கயும் அந்தக் கோடு இல்லை.

2017-ல ஜிஎஸ்டி வந்துச்சு. கோடு அப்படியே இருந்துச்சு. சின்ன பெட்ரோல் காருக்கு செஸ் சேத்து 29 சதவீதம், அதுக்கு அடுத்த படிக்கு 45. 2025 செப்டம்பர் 22-லேருந்து செஸ்ஸை எடுத்துட்டு சின்ன காருக்கு 18, மத்ததுக்கு 40-ன்னு ஆக்கினாங்க. எல்லாருக்கும் குறைஞ்சதுங்கறது நல்ல சேதி. ஆனா கோட்டுக்கு இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இருந்த வித்தியாசம் 16-லேருந்து 22 ஆயிடுச்சு. பள்ளம் இன்னும் ஆழமாச்சு. வரிக்கு முன்னாடி 7 லட்சம் விலையுள்ள பெட்ரோல் கார், 4000 மில்லிமீட்டர்னா 8.26 லட்சம். 4001 ஆனா 9.80 லட்சம். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு லட்சத்து 54 ஆயிரம் ரூபாய்! தங்கம் கூட அந்த விலை இல்லைங்க.

பைக்லேருந்து முதல்முறையா காருக்கு மாறற குடும்பத்துக்கு 18 சதவீதம் பெரிய உதவி. அதுல சந்தேகமே இல்லை. ஆனா அந்தக் கோடு எதை அளக்குது? நீளமும் சிசியும் புகையை அளக்காது. எவ்வளவு பெட்ரோல் குடிக்குதுன்னு அளக்காது. மோதினா உள்ள இருக்கறவங்க பிழைப்பாங்களான்னு அளக்காது. வருஷத்துக்கு 3000 கிலோமீட்டர் ஓட்டறவரையும் 30,000 ஓட்டறவரையும் பிரிச்சுப் பாக்காது. நாலு மீட்டருக்குள்ள உயரமா, கனமா, எல்லா வசதியோடயும் ஒரு குட்டி எஸ்யுவி பண்ணினா அது "சின்ன கார்". கொஞ்சம் நீளமா, இலேசா, டிக்கியோட ஒரு சாதாரண குடும்பக் கார் பண்ணினா அது 40 சதவீத வண்டி. ஆஸ்டின் செவன் காலத்துல பிஸ்டனை அளந்தாங்க, நாம பம்பரை அளக்கறோம்.

நாலு மீட்டரை ஒழிச்சுக் கட்டுங்கன்னு நான் சொல்லலை. திடீர்னு எடுத்தா அடி வாங்கறது அதே முதல் கார் குடும்பம்தான். ஆனா கோட்டை சரிவா மாத்தலாம். எரிபொருள் செலவையோ புகையையோ அளந்து, படிப்படியா ஏறற மாதிரி போடலாம். ஜப்பான் மாதிரி பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை அளவுகோலை எடுத்துப் பாத்து, இது எதுக்குப் போட்டோம்னு கேக்கலாம். பிரிட்டனுக்கு அந்தக் கேள்வி கேக்க 1921-லேருந்து 26 வருஷம் ஆச்சு. நம்ம நாலு மீட்டருக்கு 2026-ல 20 வருஷம்.

அடுத்த தடவை பட்ஜெட் அன்னிக்கு டிவியில "கார் விலை குறையுமா, ஏறுமா"ன்னு ஓடும்போது சதவீதத்தை மட்டும் பாக்காதீங்க. எதை அளந்து அந்த சதவீதத்தைப் போடறாங்கன்னும் பாருங்க.

சிங்கப்பூர், வளைகுடா, ஐரோப்பாவுல இருக்கற நண்பர்கள் உங்க ஊர்ல எந்த உண்டியல் பெருசுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. வேற நாட்டுல இதே மாதிரி வரிக்காக வெட்டின கார் இருந்தாலும் சொல்லுங்க, சேத்து இன்னொரு பதிவாப் போட்டுடலாம்.

டிஸ்கி: நான் ஆடிட்டரும் இல்லை, கார் கம்பெனிக்காரனும் இல்லை. இதைப் படிச்சுட்டு டிசையர் வாங்கலாமா வேண்டாமான்னு தனிமடல்ல கேக்காதீங்க. உங்க பெட்டி டிக்கியில நுழையுதான்னு ஷோரூம்லயே வெச்சுப் பாத்துடுங்க :)